மேசைக்கடியில் ஒரு சர்வர்

எங்கள் ஆபீஸ் சர்வர் ஆறு வருஷமாக மேசைக்கடியில்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஏற்றி நான் உண்டாக்கியது. காயல்பட்டினத்துக் கடைகள் முப்பத்தொன்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற சிறிய ஆபீஸ். ஐந்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் டேலி கணக்கை அந்தப் பெட்டியின் ஷேர் ஃபோல்டரிலிருந்துதான் திறக்கும். அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. என் இடத்தில் உட்கார்ந்தபடியே எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போவேன்.

லினக்ஸை நான் முதலில் பார்த்தது அரசாங்கம் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் செய்தது. அதைத் திறந்து திறந்து பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு.

கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதால் உப்புக்காற்றோடு தீராத மல்லுக்கட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பெட்டியைப் பிரித்து, ராமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பேன். ரப்பர் கறுத்துவிடும், பல் பளிச்சென்று ஆகும்.

ஒருநாள் காலையில் யாராலும் ஒரு பில் போட முடியவில்லை. டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. பிரிண்டர் கோளாறில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப எழுதி ஒரு லாக் ஃபைல் 40 ஜிபிக்கு வீங்கியிருந்தது. அழித்தேன், அப்புறமும் நூறுதான். ஒரு ஃபைலை ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருந்தால், நாம் பெயரை அழித்தாலும் லினக்ஸ் அந்த இடத்தை விடாது. அந்த சர்வீஸை நிறுத்தித் திரும்பப் போட்ட பிறகுதான் இடம் வந்தது. அன்றிலிருந்து காலையில் டீ வருவதற்குள் இரண்டு பார்த்துவிடுவேன்: டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது, சிஸ்டம் லாகில் புதிதாக என்ன. ராத்திரி பேக்கப் முடிந்ததா என்பது பின்னால் சேர்ந்துகொண்டது.

சர்வருக்குள் இரண்டு டிஸ்க், மிரராக. ஒன்று போனால் மற்றது ஓடும். இதுவே போதும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். 2023 கோடையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு கடையின் ஃபோல்டரை இடம் மாற்றப்போய் அழித்துவிட்டான். ஒரு டிஸ்க்கில் அழிந்தது அந்த நொடியே மற்றதிலும் அழிந்தது. பழைய நகல் ஒன்று இருந்தது. விட்டுப்போன பதினெட்டு நாள் வேலையைப் பில்லைப் பார்த்து ஏற்றினோம். அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு அவனுடையது இல்லை. எல்லாருக்கும் எல்லா ஃபோல்டரிலும் அழிக்கிற உரிமையைக் கொடுத்து வைத்திருந்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் உரிமைகளைப் பிரித்து இறுக்கினேன். பேக்கப்புக்குத் தனி யூசர் வைத்தேன். நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் கிரான், ராத்திரி 11 மணிக்கு நகல் எடுக்கும் ஆர்சிங்கை எழுப்பும். அது அன்றைக்கு மாறியதை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்கும். ஆர்சிங்க், ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1996இல் பால் மெக்கராஸோடு சேர்ந்து வெளியிட்டது. எங்கள் ஷேர் ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டும் சாம்பாவும் அவர் தொடங்கியதே. விண்டோஸ் ஷேர் முறையின் பெயரான எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல் எது என்று அகராதியில் தேடி எடுத்த பெயர் அது. முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ எழுதி, எல்லாருக்கும் பொதுவாக விட்டதை நம்பி எங்கள் ஊர்க் கடைகளின் கணக்கு நடக்கிறது. நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

வெளி டிஸ்க் ஒன்று எப்போதும் சர்வரில் செருகியிருக்கும். இன்னொன்றில் வியாழன் சாயந்திரம் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். வெள்ளி எங்களுக்கு லீவு. மச்சில், துணிப்பெட்டிக்கு மேலே இருக்கும்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. மழை வலுத்ததும் ஆபீஸை நேரத்தோடு பூட்டினோம். மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் பெய்தது 95 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி பெருகி ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் மூழ்கின. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. தண்ணீர் புகுந்த வீடுகளுக்குச் சோறு கொண்டுபோகிற நேரத்தில் சர்வர் யார் ஞாபகத்துக்கு வரும்?

புதன்கிழமை ஷட்டரைத் தூக்கினோம். சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. பெட்டியைச் சாய்த்தால் ஃபேன் ஓட்டை வழியாகக் கலங்கல் ஒழுகியது. மிரர் டிஸ்க் இரண்டு, செருகியிருந்த வெளி டிஸ்க் ஒன்று. மூன்றும் ஒரே தண்ணீரில் ஊறிக் கிடந்தன.

“கணக்கு போச்சா தம்பி?” என்றார் காக்கா, எங்கள் முதலாளி.

“வீட்டுல ஒண்ணு இருக்கு காக்கா. வியாழக்கிழமை எடுத்தது.”

“அது தெறக்குமா?”

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ வாரம் நகல் எடுத்திருக்கிறேன், ஒரு தரம்கூடத் திறந்து பார்த்ததில்லை.

கரண்ட் வந்ததும் பேட்டரி செத்த அந்த அரசு லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டேன். லினக்ஸில் ஏறி டிஸ்க்கைப் படித்து, விண்டோஸ் பக்கம் நகலெடுத்து, டேலியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தொன்பது கடை திறந்தது. இரண்டு இல்லவே இல்லை. அக்டோபரில் புதிதாகச் சேர்ந்த கடைகள். நான் இறுக்கிய உரிமையில் அந்த இரண்டு ஃபோல்டரையும் படிக்கப் பேக்கப் யூசருக்கே அனுமதி இல்லாமல் போயிருந்தது. ஆர்சிங்க் ஒவ்வொரு ராத்திரியும் அனுமதி இல்லை என்று தன் பேக்கப் லாகில் எழுதித்தான் வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் கடைசியில் எழுதுகிற ‘முடிந்தது’ என்ற ஒரே வரியைத்தான் நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மொட்டைமாடியில் பாய் விரித்து, அந்த இரண்டு கடைப் பில்களையும் ஒட்டிக்கொண்டதைப் பிரித்துப் பிரித்துக் கல் வைத்துக் காயப்போட்டோம். மைப்பேனா எழுத்து கரைந்திருந்தது, பால்பாயிண்ட் நின்றிருந்தது. கோடையில் ஃபோல்டரை அழித்த அதே தம்பிதான் என்னோடு உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னான். எங்கள் மாவட்டத்துக்கு ஜிஎஸ்டி கெடுவை 2024 ஜனவரி 10 வரை நீட்டித்தார்கள். அந்த நாட்கள் இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டோம்.

புது சர்வர் சுவரில் நெஞ்சுயரத்துக்கு மேலே அடித்த பலகையில் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மச்சிலிருந்து டிஸ்க்கைக் கொண்டுவருவேன். காக்கா வாய்க்கு வந்த ஒரு கடையைச் சொல்வார். அதை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து காட்ட வேண்டும். போன தடவை அந்த இரண்டு கடையில் ஒன்றைக் கேட்டார். திறந்தது. “வெள்ளத்துக்கு முந்தின நாள் பில்லு ஒண்ணு காட்டு” என்றார். டிசம்பர் 16, சனிக்கிழமை. தேடி எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.