அம்மா கேட்ட ஒரே கேள்வி!

சொந்த ஊர் பெருமுக்கல். வேலை, சென்னையில் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம் கணினிப் பிரிவில். “ராத்திரியெல்லாம் அங்க என்னாடா பண்ற?” என்றார் அம்மா. மரக்காணம் உப்பளத்தை வைத்துத்தான் விளக்கினேன்.

ஒரு லிட்டர் கடல்நீர் வற்றினால் சுமார் 35 கிராம் உப்பு. அதுபோல ஃபைலில் திரும்பத் திரும்ப வருவதைக் குறைத்துச் சுருக்குகிறோம். 1977-ல் லெம்பல், ஸிவ் இருவரும் சொன்ன வழி இன்றும் கைகொடுக்கிறது. பிறகுதான் ‘என்கிரிப்ட்’ செய்து பூட்டுகிறோம். வரிசை மாறக் கூடாது. பூட்டிய ஃபைலில் எதுவுமே திரும்ப வராது, அதனால் சுருங்காது.

“சாவி தொலைஞ்சிட்டா?” என்றார் அம்மா.

அதுதான் விஷயம். எங்கள் மலைக்கோயில் கல்வெட்டை, பழைய எழுத்து கற்றவர் இன்றும் படிக்கலாம். சாவி போன ஃபைலைப் பூட்டியவராலேயே திறக்க முடியாது. எனவே சாவியைப் பிரித்து இருவரிடம் கொடுப்போம். இருவருக்கும் மாற்று ஆளும் உண்டு.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறந்தபோது, எந்த வங்கியில் கணக்கு என்றே வீட்டாருக்குத் தெரியவில்லை. பின் நம்பரை யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆனால், கணக்கு எங்கே, நாமினி யார், பாலிசி எந்த பீரோவில்? இதையாவது வீட்டில் இருவருக்குச் சொல்லி வையுங்கள். அம்மா அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.