சுரண்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகளைக் கரையேற்றுவார்கள். அடியில் கல்லாக ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டியெடுப்பது எங்க சேரி வேலை. எங்கய்யா படகுக்கடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டுவார். பழைய பெயிண்டுத் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழும். கொட்டலசு ஒட்டாமலிருக்க விஷம் கலந்த பெயிண்ட் அது. அய்யா நெஞ்சுக்குள்ள எவ்வளவு போச்சோ, யார் கேட்டது?

போன தடைக்காலத்தில் முதலாளி கூப்பிட்டார். என்னைவிட இளையவர்.

"தண்ணி பீச்சுற மெஷின் வாங்கப்போறேன். எதுடா நல்லது?"

கரையில் கரண்ட் இல்லை. பெட்ரோல் மெஷின்தான் சரி. அவருக்கு 200 பாருக்கு மேல வேணுமாம்.

"மரப்படகுக்கு அவ்வளவு வேகம் ஆகாது. பலகை நார்நாராப் பிரியும், இடுக்குல அடைச்ச பஞ்சு பிச்சுக்கிட்டுப் போகும். விசிறியா விரியிற முனை வாங்குங்க. உப்புத்தண்ணி பம்பை அரிச்சிரும், நல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்க" என்றேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டார்.

"புடிக்கிறவனுக்குக் கண்ணாடி, பூட்சு?"

"அதெதுக்குடா?"

கொட்டலசைப் பேர்க்கிற தண்ணி காலைக் கிழிக்காதா? ஆறு பேர் சுரண்டின படகை ரெண்டு பேர் கழுவிட்டா, மிச்ச நாலு பேர் கூலிக்கு எங்க போவான்?

மெஷின் வேண்டாம்னு சொல்லல. அய்யாவோட சுரண்டியை எம்மகன் தொடக்கூடாது. ஆனா பலகைக்குப் பார்த்த பக்குவத்தை எங்க ஒடம்புக்கும் பாருங்க. சுரண்டி போனாப் போதாது, சுரண்டலும் போகணும்.