ரேகைக்கு மாத்திரை இருக்கா?

"டாக்டரம்மா, கைரேகை வர வைக்க ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

ஓபியில் ஒரு பாட்டி கேட்டது இது. பிபி மாத்திரைக்கு வந்தவங்க. கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன். கையை நீட்டினாங்க. பத்து விரலும் தேஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

விஷயம் பிஎம் கிசான் பணம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000 வீதம் கணக்குல ஏறும். 2019-ல் ஆரம்பிச்ச திட்டம். பாட்டிக்கு ஒன்றரை ஏக்கர், பட்டா அவங்க பேர்லயே இருக்கு. இருந்தும் மூணு தவணையா வரல. இ-கேஒய்சி முடிக்கலையாம். ஆதார்ல கொடுத்த நம்பர் எப்பவோ செத்துப்போன சிம், ஓடிபி எங்க வரும்? விரல் வைங்கன்னா மெஷின் ஏத்துக்கல. நாலு தடவை அலைஞ்சிருக்காங்க. "பஸ்ஸு ஃப்ரீதாம்மா, அரைநாள் கூலி போவுதே."

நாற்பது வருஷம் நாத்து நட்டு, களை பறிச்சு, உரம் அள்ளின கை. மேல்தோல் தேய்ஞ்சு, வறண்டு, வயசும் சேர்ந்தா ரேகை மங்கிடும். ஆனா ரேகையோட அச்சு அடித்தோல்ல இருக்கு. ஆழமான தழும்பு இல்லேன்னா, கைக்கு ஓய்வு கொடுத்து, ராத்திரி வாசலின் தடவினா சில வாரத்துல ஓரளவு திரும்பும். இதைச் சொல்லிட்டு நானே வெட்கப்பட்டேன். நடவு நேரத்துல யாருக்குக் கை ஓய்வு?

கெடுபிடி ஏன்னும் சொல்லணும். 2020-ல் நம்ம மாநிலத்துல இந்தத் திட்டத்துல நடந்த மோசடி ஞாபகம் இருக்கும். தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போச்சு. சரிபார்ப்பு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா திருடினவன் விரல் நல்லாத்தான் இருந்திருக்கும்.

பாட்டிக்குத் துணையா வந்த பக்கத்து வீட்டு அக்கா மூணு ஏக்கர் குத்தகைக்குப் பயிர் வைக்கறாங்க. நிலத்துக்காரர் சென்னையில. போகத்துக்கு இத்தனை மூட்டைன்னு அளந்துடணும். மழை கெடுத்தா நஷ்டம் இவங்களோடது. திட்டமோ நில ஆவணத்துல பேர் உள்ளவங்களுக்குத்தான்.

"எனக்கு ரேகை பளிச்சுனு இருக்கு டாக்டரம்மா, பட்டாதான் இல்ல"ன்னு சிரிச்சாங்க.

என் பேர்லயும் தாத்தா நிலம் கொஞ்சம் இருக்கு. டாக்டர்களுக்கும் வருமான வரி கட்டறவங்களுக்கும் இந்தப் பணம் கிடையாது, அது நியாயம். ஆனா நான் வேற வேலையில, வரி கட்டாத வருமானத்துல இருந்திருந்தா, வரப்புல கால் வைக்காமலே எனக்கு வந்திருக்கும். அந்த அக்காவுக்கு அப்பவும் வராது.

பாட்டி கதைக்கு வர்றேன். 2023-லிருந்து பிஎம் கிசான் ஆப்ல முகத்தைக் காட்டியே இ-கேஒய்சி முடிக்கலாம். விரலும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். எங்க நர்ஸ் தங்கச்சி தன் போன்லயே முயற்சி பண்ணுச்சு. "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி"ன்னா, பாட்டி ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டாங்க. மூணாவது தடவை முடிஞ்சுது.

ஊர்ல அப்பா அம்மா விவசாயம் பார்க்கறவங்களா? அடுத்த தடவை போகும்போது இதை ஒருக்கா பாத்துக் கொடுத்துட்டு வாங்க. அப்படியே அவங்க உள்ளங்கையையும் திருப்பிப் பாருங்க, வெடிப்பு இருந்தா ராத்திரி வாசலின்.

அன்னிக்கு பாட்டி பிபி 170/100. கூலி போகுதேன்னு ரெண்டு வாரமா மாத்திரை வாங்க வரலையாம்.