பழைய வண்டியின் மெருகு

மோட்டார் வண்டியின் பூச்சைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இலக்கியம் பயில்வான் ஒருவனுக்கு இஃது ஏற்ற பொருளோ என்பர். ஆயினும் 'விளக்குதல்' என்னும் சொல்லைச் சிறிது நோக்குங்கள். அரும்பொருளைத் தெளிவுறுத்தலும் அதுவே. அடுக்களையில் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் தேய்த்தலும் அதுவே. இவ்விரண்டனுள் முன்னதைக் கல்லூரியில் பயில்கின்றேன்; பின்னதைச் சென்ற கோடை விடுமுறையில் 11 நாள் செய்தேன். விளக்கியது குடத்தையன்று, எங்கள் வீட்டு அம்பாஸடர் வண்டியை.

எங்கள் ஊர் சிவகாசிப் பகுதியைச் சார்ந்த எம். புதுப்பட்டி. மழை குறைந்த கரிசல் நிலம். பட்டாசுத் தொழில் இப்பக்கத்தில் வேரூன்றியதற்கு அவ்வறட்சியே ஒரு காரணம். மருந்து உலர்வதற்கு எந்த வெயில் துணையாகின்றதோ, அவ்வெயிலே திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் வர்ணத்திற்குப் பகையாகின்றது. என் பாட்டனார் அவ்வண்டியை 1986ஆம் ஆண்டு வாங்கி வாடகைக்கு ஓட்டி வந்தார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1957 முதல் செய்துவந்த வண்டி அது. 2014ஆம் ஆண்டு மே மாதம் அத்தொழிற்சாலையில் வேலை நின்றது. 2017இல் அம்பாஸடர் என்னும் பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியாகிய பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பெயருக்கு அவ்வளவு விலையாயின், பெயரோடு உருவமும் உடைய எங்கள் வண்டிக்கு என்ன விலை? காயலான் கடைக்காரர் 28,000 ரூபாய் என்றார்.

பாட்டனார் மறைந்து இரண்டாண்டு ஆயிற்று. அன்றுமுதல் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கருநீல நிறம் சாம்பல் பூத்து, விரலால் தொட்டால் விரலில் மாவு ஒட்டும் நிலையை எய்தியது. பதிவைப் புதுப்பிக்கும் காலமும் நெருங்கிற்று. பதினைந்தாண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக்கப்பட்டது, பின்னரும் ஏறியது. "இதற்குக் கட்டணமும் கட்டி, 45,000 கொடுத்துப் பெயிண்டும் அடிப்பதா?" என்றார் என் சிறிய தந்தையார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. புதுப் பூச்சு இன்றிப் பிறர் பார்க்கத்தக்கதாக ஆகுமாயின் வைத்துக்கொள்வது, இன்றேல் எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பாட்டியார் ஒன்றும் கூறவில்லை. பழைய வேட்டிகள் நான்கைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

நிற்க, வர்ணம் மங்குவது எதனால் என்று கூறவேண்டும். பூச்சிலே நிறம் தரும் பொடியும் அப்பொடியைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருளும் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அப்பசையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. பிணைப்பற்ற பொடி மேலே தங்கிவிடுகின்றது. சமமான பரப்பு தன்மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்புவதால் நாம் அதனைப் பளபளப்பு என்கின்றோம். மேடு பள்ளமான பரப்போ ஒளியை நாற்புறமும் சிதறடித்து வெளிறித் தோன்றும். ஆகவே மெருகு என்பது மேலே சேர்ப்பதொன்றன்று. சிதைந்ததைத் தேய்த்தெடுத்து அடியிலுள்ள நல்ல பூச்சைச் சமப்படுத்துவதேயாம். பழைய வண்டி விற்போர் சிலர் மண்ணெண்ணெய் துடைத்து ஒருநாள் மினுக்கம் காட்டுவர். அதனை மெருகென்று நம்பி ஏமாந்தவர் எங்கள் தெருவிலேயே இருவர் உளர்.

பித்தளைக் குடத்தை மூன்று தலைமுறை விளக்கினும் குடம் தேய்ந்துபோவதில்லை. வண்டியின் கதை வேறு. அடிப்பூச்சு மேற்பூச்சு அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் அதில் ஒரு சிறு பகுதி துணியோடு போய்விடுகின்றது. இதனை எனக்கு முதலில் உணர்த்தியவர் எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரி அண்ணாச்சி. அவர் வந்தவுடன் ஒரு வெள்ளைத் துணியில் மெருகுக் களிம்பைத் தொட்டுக் கதவின் மூலையில் தேய்த்தார். துணி நீலமாயிற்று. "நல்லது தம்பி, தேறும்" என்றார். இக்காலத்து வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற பூச்சொன்று இருப்பதால் துணியில் நிறம் ஏறாது. அந்த மேற்பூச்சு செதிள் செதிளாக உரியத் தொடங்கின் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

எங்கள் வண்டியின் நீலம் 1998இல் மறுபடி பூசப்பட்டது. அதனை 'டூகோ' என்றார் அண்ணாச்சி. அச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுந்த எனக்கு வியப்பொன்று காத்திருந்தது. பஞ்சினை நைட்ரிக், கந்தக அமிலங்களின் கலவையில் தோய்த்தால் அது வெடிக்கும் பொருளாகின்றது என்பதைச் சுவிட்ஸர்லாந்தின் பேசல் நகரில் ஷான்பைன் என்னும் இரசாயன அறிஞர் 1846இல் வெளியிட்டார். நீலகிரி அருவங்காட்டில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலையின் கார்டைட் மருந்துக்கும் அவ்வெடிபஞ்சு ஒரு மூலப்பொருள். நைட்ரஜன் சற்றே குறைந்த வகையோ திரவத்தில் கரைந்து மெல்லிய ஏடாக உலரும். அதைக் கொண்டு 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் செய்த வண்டிப் பூச்சின் பெயரே டூகோ. அதற்குமுன் ஒரு வண்டியின் பூச்சுகள் உலர வாரக்கணக்கில் ஆகும், அதன்பின் மணிக்கணக்காயிற்று. மருந்துக்குப் பெயர்போன எங்கள் சீமையில், வாசலில் நிற்கும் வண்டியின் மேனியும் மருந்தின் இனத்ததே என்பதை அறிந்தோர் எத்தனை பேர்!

வேலை விடியற்காலையில் தொடங்கும். தகடு சுட்டால் களிம்பு உலர்ந்து கீறும். முதலில் சவர்க்கார நீரால் கழுவினோம். பின் கையை மெல்லிய பாலிதீன் பையில் நுழைத்துத் தடவச் சொன்னார். வெறுங்கைக்குத் தோன்றாத மண்துகளெல்லாம் அப்போது தோன்றின. அடுத்து 2000ஆம் எண் வாட்டர் பேப்பரை நீரில் ஊறவைத்து இலேசாக இழைத்தல், அதன்பின் களிம்பு. ஒரு சாண் சதுரத்துக்குமேல் எடுக்கலாகாது. சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நேர்கோட்டில் தேய்க்கவேண்டும். விளிம்புகளில் பூச்சு மெலிதாதலின் ஆங்கே ஒட்டுத்தாள் ஒட்டிக் காக்கவேண்டும். இறுதியில் மெழுகு. அம்மெழுகு பிரேசில் நாட்டுக் கார்நௌபா என்னும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. பனை வளர்ந்த நாட்டில் பிறந்த நமக்கு அயல்நாட்டுப் பனையின் உதவி வேண்டியிருந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

கதவுகள் நான்கு நாளில் ஒளிபெற்றன. வண்டியின் கூரையே எங்களைத் திகைக்கவைத்தது. மிக வெளிறி, மிக மோசமாய்க் காணப்பட்ட அப்பகுதி, மாவு நீங்கியதும் கண்ணாடிபோல் வேப்பங்கிளையைக் காட்டிற்று. பாட்டனார் குட்டையானவர், கூரையின் நடுவுக்கு அவர் கை எட்டாது. யாரும் தேய்க்காத அவ்விடத்தில் பூச்சு முழுத்தடிப்போடு இருந்தது. மேலே சிதைந்த பொடியே அடிப்பூச்சுக்குக் குடையாகவும் நின்றது.

பானெட்டின் நிலை இதற்கு மாறானது. அதனை யான் தொடங்கிய சிறிது நேரத்தில் அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பற்றினார். துணியின் நீலத்தினூடே காவி நிறம் தோன்றியிருந்தது. அஃது அடிப்பூச்சின் நிறம். "இதை விட்டுவிடுங்கள் தம்பி. உங்கள் தாத்தா எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டார்" என்றார். சனிக்கிழமைதோறும், மறுநாள் ஆலயத்துக்குச் செல்வதற்காக, பாட்டனார் வண்டியைத் துலக்குவதை நாங்கள் அறிவோம். ஆயினும் கதவுகள் தேயாமல் பானெட் மட்டும் இவ்வளவு தேய்வானேன்?

விடை கூறியவர் பாட்டியார். பட்டாசுத் தொழிற்சாலைகளில் தீ நேர்ந்தால், ஆம்புலன்ஸ் வருமுன் அகப்பட்ட வண்டியில் அடிபட்டோரை ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாட்டனாரும் ஏற்றிச் சென்றிருக்கின்றார். முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த முதலிப்பட்டி விபத்து நேர்ந்த 2012 செப்டம்பர் 5 அன்று இரண்டு நடை சென்றாராம். அப்படிச் சென்று வந்த மறுநாளெல்லாம் பின்னிருக்கையைத் தாமே கழுவுவார்; கழுவி முடித்தபின் முன்னே வந்து, அழுக்கே படாத பானெட்டை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருப்பார். "சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்" என்றார் பாட்டியார். இத்தனையாண்டு இதனை அவர் எங்களிடம் கூறியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

சிறிய தந்தையார் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம்தானே எவர் கண்ணிலும் முதலிற் படுவது, அதை மட்டுமாவது புதிதாகப் பூசினால் என்ன என்று காலையில் வாதித்தவர் அவரே. புதுநீலம் பழைய நீலத்தோடு பொருந்தாது என்று அண்ணாச்சி கூறியபோது அவர் ஒப்பவில்லை. பாட்டியார் பேசியபின் அவ்வாதத்தை அவர் மறுபடி எடுக்கவில்லை. மெழுகு டப்பாவைத் தாமே திறந்து, பானெட்டின்மேல் மிக மெல்லத் தடவினார். காவி தெரியும் இடம் உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் ஒளி ஏறவில்லை.

வண்டி எடைக்குப் போகவில்லை. மறுபதிவும் ஆயிற்று. இப்போது மரத்தடியை விட்டுத் தகரக் கொட்டகையின் நிழலில் நிற்கின்றது. மெழுகு சில மாதங்களுக்குமேல் தாங்காதாகையால் அதனை அவ்வப்போது தடவவேண்டும். களிம்பு மட்டும் கூடாது. இதனை அறிந்திருந்தும் சிறிய தந்தையார் சென்ற மாதம் சிவகாசியிலிருந்து களிம்பு டப்பா ஒன்று வாங்கி வந்தாராம். பாட்டியார் அதனை வாங்கி எங்கோ வைத்துவிட்டார். கேட்டால் நினைவில்லை என்கின்றார்.