கணக்கு ரிப்போர்ட் தாமதமாவது பற்றி

சென்னை

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

நெசவாளர் கணக்கு ரிப்போர்ட் வரக் கால் மணி ஆகிறது, கம்ப்யூட்டரையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே, அந்தப் பணத்தைப் பட்டு நூலில் போடு. தீபாவளிக் கூலி வாங்கத் தேவிகாபுரத்திலிருந்தும் முள்ளிப்பட்டிலிருந்தும் வந்தவர்கள் திண்ணையில் காத்துக்கிடந்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. தறியை நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்கு அந்த நேரமும் கூலிதான்.

ரிப்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்டு டிஸ்க் திணறுகிறது, எஸ்எஸ்டி போட்டால் போதும். டிஸ்க் சும்மா இருந்து சிபியு ஏறி நின்றால் கோளாறு குவெரியில். நாலு கோர் கம்ப்யூட்டரில் ஒரு கோர் மட்டும் முழுதாக ஓடினால் அது 25 சதவீதத்திலேயே நிற்கும்; சிபியு ஓய்வாக இருக்கிறதென்று நினைத்துவிடாதே.

நீ அனுப்பிய ஆக்சஸ் ஃபைலைப் பார்த்தேன். குவெரிதான். வரிக்கு வரி பாக்கி காட்ட டி-சம் என்ற ஃபங்ஷனைப் போட்டிருக்கிறார்கள். அது ஒவ்வொரு வரிக்கும் கூலி டேபிளைத் தனியாக ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறது. ஆயிரம் வரி என்றால் ஆயிரம் தடவை! எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் வருஷம் ஏற ஏற இது மெதுவாகிக்கொண்டேதான் போகும். அதை எடுத்துவிடு. ரிப்போர்ட்டில் பாக்கி காட்டும் பெட்டிக்குக் கூலியில் முன்பணம் கழித்த தொகையை மட்டும் கொடுத்து, ‘ரன்னிங் சம்’ என்ற இடத்தில் ‘ஓவர் குரூப்’ வை. நெசவாளர்வாரியாகக் கூட்டிக்கொண்டே வரும்.

அடுத்து இன்டெக்ஸ். அப்பாவின் பேரேட்டில் முதல் பக்கத்தில் யார் கணக்கு எத்தனையாம் பக்கம் என்று எழுதியிருக்குமே, அதே வேலைதான். பாவு, ஜரிகை, கூலி எந்த டேபிளிலும் நெசவாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லை, தேதிக்கும் இல்லை. இரண்டுக்கும் போடு. பேயர், மெக்கிரைட் என்ற இருவர் போயிங்கில் இருந்தபோது உருவாக்கி 1972இல் வெளியிட்ட பி-ட்ரீ முறைதான் அதற்கு அடிப்படை; லட்சம் வரி இருந்தாலும் மூன்று நாலு எட்டில் வேண்டிய வரிக்குப் போய்விடும். ஆனால் குவெரியில் ‘இயர்(தேதி) = 2024’ என்று இருக்கும்வரை தேதி இன்டெக்ஸால் பலனில்லை, ஒவ்வொரு வரியிலும் வருஷத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ‘பிட்வீன்’ போட்டு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று எழுது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆக்சஸ் ரிப்போர்ட் திறக்கும்போது டீஃபால்ட் பிரிண்டரைத் தேடும். கடையிலுள்ள நெட்வொர்க் பிரிண்டர் அணைந்திருந்தால் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். டீஃபால்ட்டை பிடிஎஃப் பிரிண்டருக்கு மாற்றிப் பார்.

கடைசியாக ஃபைல் அளவு. அழித்த வரிகளின் இடம் ஃபைலுக்குள் அப்படியே கிடக்கும். ஆக்சஸ் ஃபைலுக்கு உச்சவரம்பு 2 ஜிபி, உன்னுடையது அதை நெருங்கிவிட்டது. எல்லாரையும் ஃபைலிலிருந்து வெளியேறச் சொல்லி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்த பிறகே ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ கொடு. பிரதி இல்லாமல் எதையும் தொடாதே.

ஒவ்வொன்றாக மாற்றி, அவ்வப்போது நேரத்தைக் குறித்து வை. அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்ததும் போன் பண்ணு, டி-சம்மை எடுக்கும்போது நானும் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா