வரி போச்சு... 14 டாலர் அப்படியே இருக்கு!

ஒரு வரியை ரத்து செய்துவிட்டால், அந்த வரியால் வரும் சுமைக்காக மக்களுக்குக் கொடுத்த நிவாரணம் என்ன ஆகும்? "அதையும் நிறுத்திடுவாங்க, வேறென்ன" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் கார்பன் வரிக் கதையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, நிறுத்தாமலேயே கரைக்கவும் வழி இருக்கிறது என்று!

2012 ஜூலை 1 அன்று ஜூலியா கில்லார்ட் அரசு அந்த வரியைக் கொண்டு வந்தது. பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன் ஒன்றுக்கு 23 டாலர். இதனால் கரண்ட் பில் ஏறும், முதியோரும் ஏழைகளும் திண்டாடுவார்கள் என்று அரசுக்கே தெரியும். அதனால் வரி வரும் முன்பே தனியாக வாழும் ஓய்வூதியர்களுக்கு 250 டாலர் மொத்தமாகக் கொடுத்தார்கள். 2013 மார்ச்சிலிருந்து ஓய்வூதியத்தோடு 'கிளீன் எனர்ஜி சப்ளிமென்ட்' என்று ஒரு தொகை. விலைவாசி ஏறினால் இதுவும் ஏறும் என்பதுதான் ஏற்பாடு.

வரியை ஒழிப்பேன் என்று சொல்லி 2013 தேர்தலில் ஜெயித்தவர் டோனி அபாட். நிவாரணத்தில் கை வைக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். 2014 ஜூலை 17 அன்று செனட்டில் வரி ரத்தானது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினாரா? காப்பாற்றினார், ஒரு மாதிரியாக!

2014 செப்டம்பர் 20 முதல் பெயரில் இருந்த 'கிளீன்' போய், வெறும் 'எனர்ஜி சப்ளிமென்ட்' ஆனது. கூடவே இன்னொன்றும் போனது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவதை நிறுத்திவிட்டார்கள். தனி ஓய்வூதியருக்கு இரண்டு வாரத்துக்கு 14 டாலர் 10 சென்ட். அன்றைக்கு நின்றது அங்கேயே நின்றுவிட்டது.

கால்குலேட்டரை எடுத்தேன். 2014 செப்டம்பரில் மொத்த ஓய்வூதியம் 854 டாலர் 30 சென்ட். 2025 செப்டம்பரில் 1,178 டாலர் 70 சென்ட். இரண்டிலும் சப்ளிமென்ட் அதே 14.10தான். மற்ற பகுதியைப் போல இதுவும் வளர்ந்திருந்தால் 19 டாலரைத் தாண்டியிருக்கும். 5 டாலர்தானே என்று தோன்றும். ஆனால் வருடத்துக்கு 26 தடவை. சில்லறையை எண்ணிச் செலவு செய்யும் ஒரு பாட்டிக்கு அது சின்னக் காசு இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அரசின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. வரியே இல்லாதபோது நிவாரணம் எதற்கு? அது சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை மக்கள் முன்னால் வைத்து, அவர்கள் கோபத்தையும் சந்தித்து முடிவெடுத்திருக்கலாமே! நிறுத்தினால் தெருவில் சத்தம் வரும். உறைய வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. கையில் வரும் காசு குறைவதில்லை, அதற்குக் கிடைக்கும் பொருள்தான் குறைகிறது.

சத்தம் குறைவாக வரும் இன்னொரு வழியும் உண்டு. ஏற்கெனவே வாங்குபவர்களை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் கதவை மூடுவது. குடும்ப உதவித்தொகையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 2017 மார்ச் 20 முதல் இந்த சப்ளிமென்ட் கிடையாது என்று ஆனது. கிடைக்காத ஒன்றுக்காக யார் சண்டை போடுவார்கள்?

இனி எந்த அரசாவது "உதவித்தொகையைக் குறைக்க மாட்டோம்" என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். "சரி, ஏத்துவீங்களா?"