எலும்பு குடியேறும் ஓடு

தாமிரபரணியின் வடகரையில் நம் ஸ்ரீவைகுண்டம், தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோதும், 2004-இல் தொல்லியல் துறையினர் மீண்டும் தோண்டியபோதும், தாழிகளுக்குள் மனித எலும்புகள் கிடைத்தன. தசையும் தோலும் மண்ணாகிப் போக, எலும்பு மட்டும் எப்படி நின்றது? அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் கூடிய ஹைட்ராக்சிஅபடைட் அது.

இந்தக் கனிமத்தின் மீது எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. உப்பளத்தில் லாரியிலிருந்து விழுந்து அவருக்குக் கால் எலும்பு நொறுங்கிவிட்டது. இடைவெளியை நிரப்ப அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள். கால் கூடிவிட்டது. ஆனால் இன்றும் குனிந்தால், "காலு வலி போயிட்டு, இடுப்பு வலிதான் போவல" என்கிறார். ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம்! அதற்கு மாற்று இல்லையா என்று தேடியபோதுதான் நுண்துளைப் பீங்கானைப் பற்றிப் படித்தேன்.

வீட்டில் சொன்னேன். ஆச்சி சிரித்துவிட்டார்: "ஏட்டி, பானை ஓட்டையா மனுசன் காலுக்குள்ள வைப்பாவ?"

ஏறக்குறைய அப்படித்தான், நண்பர்களே! செங்கல்லுக்கு மண் பிசையும்போது உமி கலப்பார்கள். சூளையில் உமி எரிந்து அதன் இடம் துளையாக நிற்கும். இங்கே மண்ணுக்குப் பதில் ஹைட்ராக்சிஅபடைட் தூள். உமிக்குப் பதில் மெழுகு மணிகளோ ஸ்பாஞ்சோ. சுமார் 1,200 பாகை சென்டிகிரேடில் சுட்டால் வெண்மையான, துளை நிறைந்த துண்டு கிடைக்கும்.

துளையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 100 மைக்ரானுக்குக் குறைந்தால் எலும்பு உள்ளே வளர்வது கடினம். இரத்தக் குழாயும் கூடவே தழைக்க 300 மைக்ரானுக்கு மேல் இருப்பது நல்லது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வழியும் இருக்கவேண்டும். வழியில்லாத துளை வாசலற்ற அறை, யார் குடியேறுவது?

இதை அளக்கும் முறை நம் ஆர்க்கிமிடீஸ் தத்துவமே. துண்டை உலர்த்தி நிறுக்கவேண்டும். காற்று முழுதும் வெளியேறும்வரை நீரில் கொதிக்கவைத்து, நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கவேண்டும். பிறகு வெளியே எடுத்து, மேல்நீரைத் துடைத்து நிறுக்கவேண்டும். குடித்த நீரின் எடையை, வெளியே நிறுத்த எடைக்கும் தொங்கவிட்ட எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் துளைகளின் பங்கு வரும். உடைந்த பூந்தொட்டி ஓட்டை வைத்து நம் ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். இதில் ஒரு நயம்: மூடிய துளை நீரைக் குடிக்காது, ஆகவே கணக்கிலும் வராது. எலும்புக்கும் அது உதவாததுதானே!

துளை கூடக்கூட வலு குறையும். பஞ்செலும்பு தாங்கும் அழுத்தமே ஏறத்தாழ 2 முதல் 12 மெகாபாஸ்கல்தான். துளைப் பீங்கான் அதை எட்டவே திணறும். அதனால் எஃகுத் தகடு பாரம் சுமக்க, பீங்கான் இடம் நிரப்புகிறது.

துளையமைப்பில் மனிதரை முந்தியது பவளப்பூச்சி. அதன் கூட்டில் துளைகள் சீராக, ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. 1974-இல் பென்சில்வேனியாவில் டெல்லா ராயும் லின்னஹனும், பவளத்தின் சுண்ணாம்பை வெந்நீர் அழுத்தத்தில் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். நம் தூத்துக்குடிக் கடலிலோ அந்தப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம்! 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இனி நமக்கு வழி சூளைதான்.

அந்த வழியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஹைட்ராக்சிஅபடைட்டும் உயிரியக்கக் கண்ணாடியும் கொண்ட எலும்பு நிரப்பிகளை உருவாக்கியிருக்கிறது. இத்தகைய பொருள் மனிதருக்கு வருமுன் கடக்கவேண்டிய படிகள் பல. உடல்நீரை ஒத்த கரைசலில் ஊறவைத்து, மேலே புதுப் படிகம் படிகிறதா என்று பார்ப்பார்கள். வளர்ப்புச் செல்களோடு வைத்து நஞ்சு உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு முயலின் தொடையெலும்பில் சிறு பள்ளம் தோண்டி நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, அந்த எலும்பை வைர வாளால் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். பீங்கானை எலும்பே நேராகத் தொட்டால் வெற்றி. இடையே நார்த்திசு புகுந்தால் தோல்வி. அந்த முயலுக்கும் நாம் கடன்பட்டவர்களே.

எல்லாம் தேறினாலும், உயிருள்ள செல்களோடு வரும் சொந்த எலும்புக்கு இது இன்னும் முழு ஈடாகவில்லை; பெரிய இடைவெளிக்கு மருத்துவர்கள் இடுப்பையே நாடுகிறார்கள். சித்தப்பாவிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

சென்ற மாதம் கால்சியம் நைட்ரேட் கரைசலில், அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மையைக் காத்தபடி, அம்மோனியம் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பால்போல் வீழ்படிவு இறங்கியது. கழுவி உலர்த்திய வெண்தூள் சிறு புட்டியில் இருக்கிறது. நம் துறை உலை 1,000 பாகையைத் தாண்டாது. 1,200 பாகை உலை எந்தக் கல்லூரியில் இருக்கிறதென்று பேராசிரியர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.